கச்சேரிச் சுவர் எழுத்துகள் வீடு திரும்பிய கோடை

செங்கூரணியில் பழைய கச்சேரிச் சுவரைக் கழுவத் தொடங்கியபோது முதலில் வீடு திரும்பியது மூலம் பௌத்திரம் வைத்தியரின் விளம்பரம். பூந்திக்கொட்டைத் தண்ணீரில் ஊறிய தென்னைநார்த் தூரிகையால் துப்புரவுக்கு வந்த பஞ்சவர்ணம் கடைசி இழுப்பு இழுத்ததும், நீலப் பெயிண்டில் எழுதியிருந்த அந்த எழுத்துகள் கரைந்து ஒழுகாமல், வெங்காயச் சருகு போல முழுசாகச் சுவரைவிட்டு எழும்பி, ஒருமுறை உடம்பை உதறிக்கொண்டு, வரிசை குலையாமல் மதிலோரமாகவே நடந்து, பேருந்து நிலையத்தைக் கடந்து, ஆட்டோ ஸ்டாண்டில் கொஞ்சம் நிழலுக்கு நின்று, வைத்தியர் வீட்டு மாடிப்படி ஏறி, பூஜையறையில் முருகன் படத்துக்குப் பக்கத்தில் போய் ஒட்டிக்கொண்டன. 'கத்தி இல்லை, ரத்தம் இல்லை' என்ற வரி மட்டும் இடம் போதாமல் விளக்குமாடம் வரைக்கும் மடங்கி இறங்கியிருந்தது. வைத்தியரின் மனைவி சூடத்தட்டைக் கையில் வைத்துக்கொண்டே அதை முழுக்க வாசித்துவிட்டு, "கல்யாணமாகி வந்தன்னைக்கே சொன்னேன், ஊர்ச் சுவரையெல்லாம் நாறடிக்காதீகன்னு" என்றாளாம். அதற்குமேல் அந்த வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

கச்சேரிக் கட்டிடம் ஊரணிக் கரையில் நிற்கிறது. வெள்ளைக்காரன் காலத்தில் வழக்கு நடந்த இடம், இப்போது கீழே நூலகமும் மேலே புறாக்களும். முட்டை வெள்ளைக்கரு சேர்த்து அரைத்த சுண்ணாம்புப் பூச்சு என்பதால் சித்திரை வெயிலிலும் கன்னத்தை வைத்தால் குளிரும் என்பார்கள், ஆனால் கன்னம் வைக்க அதில் வெறும் இடம் கிடைத்துப் பல வருடம் ஆகிவிட்டது. சொல்ல வாய் உள்ளவன் எல்லாம் அந்தச் சுவரில்தான் சொன்னான். கட்சிக்காரர்கள் ஒரு தேர்தல் முடிவதற்குள் அடுத்த தேர்தலுக்குச் சுவரைப் பிடித்துக் கட்டம் கட்டிப் பெயர் எழுதினார்கள், டியூஷன் வாத்தியார்கள் எழுதினார்கள், காதலித்தவர்கள் கரித்துண்டால் எழுதினார்கள், காதலில் தோற்றவர்கள் அதன்மேல் கோடு கிழித்தார்கள், எழுதாதீர்கள் என்று நகராட்சியும் தன் பங்குக்கு எழுதியது. சுவர் நிறைந்துபோனால் ஆசிட் ஊற்றுவார்கள். போன முறை ஊற்றியது அப்படியே வழிந்து ஊரணியில் இறங்கி, மீனெல்லாம் வெள்ளை வயிற்றைக் காட்டி மிதந்து, அந்தக் கோடை முழுக்க ஊரே குடிக்கக் கேன் தண்ணீருக்கு நின்றது.

அதனால் நகராட்சிக்குப் புதிதாக வந்த பொறியாளர் தில்ஷாத் பேகம், ஆசிட்டும் கூடாது, பெயிண்டைக் கரைக்கிற தின்னரும் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். பூந்திக்கொட்டையைக் கொதிக்கவைத்து வடிகட்டிய தண்ணீர், ஆவி பீய்ச்சும் சின்ன இயந்திரம், பெயிண்ட் தடிமனாக இருக்கிற இடத்தில் களிமண்ணைக் குழைத்துப் பற்றுப் போட்டு, ஈரச் சாக்கால் மூடி ஊறவிட்டு மறுநாள் உரிப்பது, இவ்வளவுதான் முறை. எலுமிச்சம்பழம் தேய்க்கலாமா என்று துப்புரவுக்கு வந்த பெண்களில் ஒருத்தி கேட்டதற்கு, "அதுவும் புளிப்புத்தான்க்கா, சுண்ணாம்பத் தின்னுரும்" என்று பொறுமையாகச் சொன்னாள். அந்தப் பெண்களுக்கெல்லாம் மூத்தவள் பஞ்சவர்ணம். பெயரில் ஐந்து வர்ணம் இருக்கிறது, வாழ்நாள் முழுக்கச் செய்ததோ வர்ணம் அழிக்கிற வேலை. ஆசிட்டில் வெந்த அவள் விரல்களுக்குப் பூந்திக்கொட்டை நுரை சுகமாக இருந்தது, அதற்காகவே அவள் தில்ஷாத்தை மனசுக்குள் வாழ்த்தினாள்.

ஆசிட் பட்டால் எழுத்து செத்துப்போகும். அது அதுவரைக்கும் யாருக்கும் தெரிந்திருக்கவில்லை, ஏனென்றால் யாரும் எழுத்தை உயிரோடு உரித்துப் பார்த்ததில்லை.

அதற்குப் பிறகு, சுவர் சூடேறிய ஒவ்வொரு பிற்பகலும் எழுத்துகள் புறப்பட்டன. எழுதினவன் யாரோ அவன் வீட்டுக்குப் போயின. கூலிக்கு எழுதிய பெயிண்டரிடம் போகாமல், எழுதச் சொன்னவன் வீட்டுக்கே நேராகப் போயின. அந்த நியாயம் அவற்றுக்கு எப்படித் தெரிந்தது என்று டீக்கடையில் ஒரு வாரம் பேசினார்கள், அப்புறம் அதுவும் பழகிவிட்டது. 'இச்சுவர் அடுத்த தேர்தல் வரை எங்களுக்கே' என்று கட்டம் கட்டிய முன்பதிவுகள் எல்லாம் நகரச் செயலாளர் தங்கமாயன் வீட்டுப் படுக்கையறையில் போய் நான்கு சுவரையும் பிடித்துக்கொண்டன. அவர் மனைவி பாயைச் சுருட்டிக்கொண்டு கூடத்துக்கு வந்து, "சுவருதான் அவுக கட்சிக்கு எழுதிக் கெடக்கே, அவுகளே படுத்துக்கிறட்டும்" என்றாள். 'இங்கே சிறுநீர் கழிக்காதீர்' நகராட்சி ஆணையர் நாற்காலிக்குப் பின்னால் போய் ஒட்டிக்கொண்டது, மனு கொடுக்க வந்தவர்கள் அதைப் பார்த்துவிட்டு மரியாதையாகத் தலையை ஆட்டினார்கள்.

காய்கறி மண்டி வெள்ளைச்சாமி வீட்டுக்கு, சுவரின் அடியிலிருந்து, எத்தனையோ பூச்சுக்குக் கீழே, ஆசிட்டுக்கும் எட்டாமல் மூச்சுப் பிடித்துக் கிடந்த ஒரு கரிக்கோட்டு இதயம் வந்து சேர்ந்தது. உள்ளே அவர் பெயரும் சரோஜா என்ற பெயரும். "யாரு இந்த மகராசி?" என்று மனைவி கேட்க, "எட்டாப்பு படிக்கையில எழுதுனது புள்ள, அவ மூஞ்சிகூட மறந்துபோச்சு" என்று அவர் தலையில் அடித்துச் சத்தியம் பண்ணினார். அவள் அதன்மேல் காலண்டரை மாட்டினாள், இதயம் நகர்ந்து பக்கத்தில் வந்தது. கண்ணாடியை மாட்டினாள், மறுபக்கம் போனது. கடைசியில் வெள்ளிக்கிழமை நிலைக்கு மஞ்சள் பூசும்போது சரோஜாவுக்கும் ஒரு குங்குமப் பொட்டு வைத்துவிட்டுத் தன் வேலையைப் பார்த்தாள்.

கல்யாணத் தரகர்கள் ஜாதகத்துக்கு முன்னால் வீட்டுச் சுவரைப் பார்த்தார்கள். வீடு வாடகைக்கு விடுகிறவர்கள், "ஊர்ச் சுவத்துல எதுவும் எழுதுனதுண்டா தம்பி?" என்று கேட்ட பிறகே சாவியைக் கொடுத்தார்கள். எழுத்து வராமல் தடுக்க வாசலில் திருஷ்டிப் பூசணி கட்டிப் பார்த்தார்கள், படிகாரம் கட்டிப் பார்த்தார்கள். பிறகு யாரோ ஒரு புத்திசாலி தன் வெளிச்சுவரில் கொட்டை எழுத்தில் 'எழுத்துகள் உள்ளே வரக்கூடாது' என்று எழுதி வைத்தான், தெருவே அவனைப் பார்த்து எழுதியது. எழுத்துகளுக்கு நடக்கத் தெரியுமே ஒழிய வாசிக்கத் தெரியாது. வந்தவை வந்துகொண்டேதான் இருந்தன, கூடுதலாக ஊரில் ஒரு வீட்டுச் சுவர்கூட மிச்சமில்லாமல் எழுத்தாகிப்போனது. தில்ஷாத் பேகம் அதைப் பார்த்துவிட்டு, "நான் ஒரு சுவரு கழுவுறேன், நீங்க ஊரு பூரா எழுதுறீங்களா?" என்று நெற்றியில் கையை வைத்துக்கொண்டாள்.

ஆனால் சிரிப்பெல்லாம் மேலோட்டம். உள்ளுக்குள் ஊர் நிலைகொள்ளாமல் தவித்தது. ஏதோ ஒரு வயதில் ஏதோ ஒன்றை எழுதாத கை ஊரில் ஏது? மத்தியானத் தூக்கம் போனது. சாப்பிட்டுவிட்டுப் படுத்தவர்கள் எழுந்து உட்கார்ந்து சுவரைத் தடவிப் பார்த்தார்கள். தெருவில் ஓலை சரசரத்தால்கூடக் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்கள். ஆசிட் விற்கிற ஹார்டுவேர்ஸ் கடையில், கக்கூஸ் கழுவ என்று சொல்லிக்கொண்டு, கக்கூஸ் இல்லாத வீட்டுக்காரர்கள்கூட வந்து வாங்கிப் போனார்கள்.

இந்தத் தவிப்பெல்லாம் ஒரே ஒரு வரியைச் சுற்றித்தான் என்பது எல்லோருக்கும் தெரியும். கட்டிடத்தின் தெற்குச் சுவரில், ஜெராக்ஸ் கடைக்கு நேர் எதிரே, சிவப்புப் பெயிண்டில் இருந்தது அந்த வரி. அதை நான் இங்கே எழுதப்போவதில்லை. எழுதினவனிடமே திரும்பும் என்று ஊர்க்கதையைச் சொல்லிக்கொண்டே அதையும் எழுதிவைக்க நான் என்ன முட்டாளா? ஜெராக்ஸ் கடை நாகஜோதியின் பெயர், அவளுக்கு விலை வைத்தது போல ஒரு பேச்சு, கீழே அவளுடைய செல்போன் நம்பர். பங்குனித் திருவிழாவுக்கு ஊரெல்லாம் கூடியிருந்த ஒரு காலையில் அது அங்கே இருந்தது. பெண் பார்க்க வந்தவர்கள் சுவரைப் பார்த்துவிட்டுக் காப்பி குடிக்காமல் எழுந்து போனார்கள். அவளுடைய அப்பா முத்திருளப்பன், டவுன் பஸ் ஓட்டுகிறவர், ஒரு வாளிச் சுண்ணாம்போடு போய் அதன்மேல் அடித்தார். காய்ந்ததும் சிவப்பு மறுபடி மேலே ஊறி வந்தது. மறுபடி அடித்தார், மறுபடி வந்தது. நாகஜோதி நம்பரை மாற்றினாள், நாற்காலியைத் திருப்பிப்போட்டுச் சுவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வேலை பார்த்தாள், ஒருநாளும் கடையைப் பூட்டவில்லை.

பஞ்சவர்ணம் மற்ற மூன்று பக்கத்தையும் கழுவினாள். தூண்களைக் கழுவினாள், யாரும் எழுதாத சன்னல் விளிம்புகளைக் கழுவினாள், புறா எச்சத்தைக் கழுவினாள். தெற்குச் சுவருக்கு மட்டும் வரவில்லை. "அந்தப் பக்கம் எப்பக்கா?" என்று தில்ஷாத் கேட்கும்போதெல்லாம், மண்ணு புளிக்கணும், பூந்திக்கொட்டை தீந்துருச்சு, இடுப்பு பிடிச்சிருக்கு என்று ஏதாவது சொன்னாள்.

திருவிழாவுக்கு மறுநாள் அவள் மகன் தவசியின் செருப்பில் ஒரு சிவப்புத் தீற்றல் இருந்தது. கோயில் இரும்புக் கேட்டுக்குப் பெயிண்ட் அடித்த இடத்தில் மிதித்திருப்பான் என்று அவளே தனக்குச் சொல்லிக்கொண்டு, அவன் கேட்காமலே அந்தச் செருப்பைத் தேய்த்துக் கழுவி வெயிலில் வைத்தாள். கோயில் கேட்டு பச்சை நிறம் என்பது அவளுக்குத் தெரியும். காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு. அப்பன் இல்லாமல் வளர்த்த பிள்ளை, செல்போன் கடையில் வேலை பார்த்து முதல் சம்பளத்தில் அவளுக்குப் புடவை எடுத்துக் கொடுத்தவன். அதனால் அவள் அதற்குமேல் யோசிக்காமல் இருந்தாள். யோசிக்காமல் இருப்பது பெரிய வேலையாக இருந்தது. அடுப்பைப் பற்றவைத்துவிட்டு எதற்குப் பற்றவைத்தோம் என்று நின்றாள், பெருக்கிய வாசலையே திரும்பத் திரும்பப் பெருக்கினாள்.

ஒருநாள் காலையில் சோற்றில் கையை வைத்தபடி தவசி கேட்டான். "எம்மா, அந்தத் தெக்குச் செவத்தையும் நீதான் கழுவப்போறியா?"

"வேற யாரு கழுவுவா?"

"அந்த ஒரு எடத்துக்கு மட்டும் ஆசிட் ஊத்திரும்மா."

பஞ்சவர்ணம் கரண்டியைக் கீழே வைத்தாள். "ஏன்டா?"

"சும்மாதான். கறை நல்லாப் போகும்ல."

அவன் தலையை நிமிர்த்தவில்லை. அவளும் வேறு எதுவும் கேட்கவில்லை. அவன் வேலைக்குப் போனதும் அரிசிப் பானைக்குப் பின்னால் கையை விட்டு, பழைய வேலையில் மிச்சமான ஆசிட் பாட்டிலை எடுத்து, வாளியில் வைத்து, மேலே ஈரத்துணியைப் போட்டு மூடிக்கொண்டு கிளம்பினாள். ஊரணியில் இறங்காமல், ஒரு சொட்டுக்கூடக் கீழே வழியாமல், பஞ்சால் தொட்டுத் தொட்டு அந்த ஒரு வரியைக் கொன்றுவிடலாம் என்று கணக்குப் போட்டாள். யாருக்கும் நஷ்டமில்லை. பிள்ளைக்கு ஒரு வாழ்க்கை இருக்கிறது, அந்தப் பெண்ணுக்கும் சுவர் சுத்தமாகிவிடும்.

அவள் தெற்குப் பக்கம் வருகிறாள் என்ற செய்தி அவளுக்கு முன்னால் போயிருந்தது. ஊரணிப் படியில் தண்ணீர் எடுக்க வந்தவர்கள் குடத்தை இடுப்பில் வைத்தபடி நின்றார்கள். ஆட்டோக்காரர்கள் வண்டியை அணைத்தார்கள். நாகஜோதி கடையிலிருந்து இறங்கி ரோட்டைக் கடந்து வந்து பஞ்சவர்ணத்துக்குப் பக்கத்தில் நின்றாள். துணியின் ஓரத்தில் பாட்டிலின் கழுத்து தெரிந்தது, அவள் அதைப் பார்த்தாள்.

"அத்தை, அதை ஊத்திராதீக" என்றாள்.

"உனக்குச் செவரு சுத்தமானாப் போதாதா ஆத்தா?"

"போதாது." நாகஜோதி குரலை உயர்த்தவில்லை. "அது எங்க போகுதுன்னு நான் பாக்கணும். கடைக்கு வர்ற ஒவ்வொரு ஆம்பள கையையும் பாக்குறேன் அத்தை. காசு நீட்டுற கை, பேப்பர் நீட்டுற கை. இந்தக் கையா இருக்குமோ, அந்தக் கையான்னு. லைப்ரரி சார் கையப் பாத்தேன், பால்காரர் கையப் பாத்தேன். ஒருநாள் சோறு போட்டுக்கிட்டிருக்கும்போது எங்கப்பா கையைக்கூடப் பாத்துட்டேன்."

பஞ்சவர்ணம் வாளியைக் கீழே இறக்கி வைத்தாள்.

"நான் பாத்ததை அவுக பாத்துட்டாக. அன்னையிலருந்து என் முன்னால உக்காந்து சாப்புடுறதில்ல. தட்டைத் தூக்கிக்கிட்டுப் பின்வாசலுக்குப் போயிர்றாக. நானும் கூப்புடல. என்னன்னு சொல்லிக் கூப்புட?"

பஞ்சவர்ணத்துக்கு அந்த நேரத்தில் மகன் முகம் நினைவுக்கு வரவில்லை. முத்திருளப்பன் பஸ்ஸில் அவள் எத்தனையோ தடவை போயிருக்கிறாள், வாளியும் துடைப்பமுமாக ஏறினால் மற்ற டிரைவர்கள் சத்தம் போடுவார்கள், அந்த மனிதர் மட்டும் முன்பக்கம் வைக்க இடம் காட்டுவார். அவர் பின்வாசலில் முதுகைக் காட்டி உட்கார்ந்து பிசைந்து சாப்பிடுவது அவள் கண்ணில் வந்து நின்றது. அவள் பாட்டிலை எடுத்து, திறக்காமலே, கூட்டத்தில் நின்ற தில்ஷாத்தின் கையில் கொடுத்தாள். "இதப் பத்தரமா எங்கயாச்சும் வச்சிரும்மா, தண்ணியில சேந்துறாம" என்றாள். பிறகு களிமண்ணைக் குழைத்து அந்த வரி முழுக்க, எழுத்துக்கு எழுத்து, உள்ளங்கையால் பற்றுப் போட்டு, ஈரச் சாக்கை விரித்து மூடினாள். பிள்ளைக்கு மாந்தத்துக்குப் பற்றுப் போட்ட கை அது, அதே பதமாகத்தான் போட்டது.

மறுநாள் பிற்பகல் செங்கூரணியில் கடைகள் திறந்திருந்தன, வியாபாரம் நடக்கவில்லை. பஞ்சவர்ணம் சாக்கை எடுத்தாள், காய்ந்த மண்ணை உரித்தாள், ஆவியைக் காட்டினாள், பூந்திக்கொட்டை நுரையால் மேலிருந்து கீழாக இழுத்தாள். முதலில் நாகஜோதியின் பெயர் எழும்பியது, அதன்பின் மற்றது, கடைசியில் நம்பர். வரி சுவரைவிட்டு இறங்கித் தரையில் நின்று, கிழக்கே கொஞ்சம், மேற்கே கொஞ்சம் என்று அலைந்தது. மற்ற எழுத்துகள் போல அது உடனே வழி பிடிக்கவில்லை. போக விருப்பமில்லாத மாதிரி அந்த இடத்தையே சுற்றியது. பிறகு கிளம்பியது.

ஊர் அதன் பின்னால் போனது. தேருக்குப் பின்னால் போகிறது போலத்தான், ஆனால் மேளம் இல்லை, யாரும் பேசவில்லை, பிள்ளைகளைக்கூட வாயைப் பொத்தி இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டார்கள். வரி பஜார் வழியாகப் போனது. ஒவ்வொரு வாசலிலும் கொஞ்சம் தயங்கி நின்றது. அந்தந்த வீட்டுக்காரர்கள் கையைக் கூப்பிக்கொண்டும் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டும் நின்றார்கள், பிள்ளை உள்ள தாய்மார் தங்கள் பிள்ளைகளைத் திரும்பிப் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டார்கள். அது நகர்ந்ததும் அந்த வீட்டில் ஒரு பெருமூச்சு எழுந்து, அடுத்த வீட்டில் மூச்சு நின்றது. நூலகர் வீட்டைத் தாண்டியது. பால்காரர் வீட்டைத் தாண்டியது. தங்கமாயன் தன் வீட்டைத் தாண்டியதும் அப்பாடா என்று சத்தமாகவே சொல்லிவிட்டு, மனைவி முறைத்ததும் துண்டை வாயில் வைத்துக்கொண்டார்.

பஞ்சவர்ணம் காலி வாளியோடு எல்லோருக்கும் முன்னால் போனாள். ஒவ்வொரு முக்கிலும், திரும்பிவிடு திரும்பிவிடு என்று அதை மனசால் தள்ளினாள். வேறு ஒரு தாயின் வாசலுக்குப் போகட்டும் என்று நினைத்தாள், நினைத்ததற்காக வெட்கப்பட்டாள், வெட்கப்பட்டுக்கொண்டே மறுபடி நினைத்தாள். பிள்ளையார் கோயில் முக்கில் வரி நின்றது. இடப்பக்கம் போனால் புதுக்காலனி. அது வலப்பக்கம் திரும்பியது. வலப்பக்கம் இருந்தது அவள் தெரு.

தவசி வாசலில்தான் உட்கார்ந்திருந்தான். வேலைக்குப் போகவில்லை. வரி அவனைத் தாண்டிச் சுவரில் ஏறி, கதவுக்கும் சன்னலுக்கும் நடுவில், பஞ்சவர்ணம் பொங்கலுக்குத் தன் கையாலேயே வெள்ளையடித்த இடத்தில், ஒட்டிக்கொண்டு அசையாமல் நின்றது. கூட்டத்தில் ஒரு கிழவர், "தன் வினை தன்னைச் சுடும், ஓட்டப்பம் வீட்டைச் சுடும்" என்று தொடங்கினார். பக்கத்தில் இருந்தவள், "சும்மா இருங்க மாமா, அந்தப் பொம்பள மூஞ்சியப் பாருங்க" என்று அவரை அடக்கினாள்.

"ஏன்டா?" என்றாள் பஞ்சவர்ணம். இப்போது அவளுக்குப் பதில் வேண்டியிருந்தது.

"தெனமும் ஆதார் கார்ட ஜெராக்ஸ் எடுக்கப் போவேன். அவளப் பாக்கத்தான். ஒருநாள், இந்த ஆதார எத்தனை தடவதான் எடுப்பீங்கன்னு எல்லார் முன்னாடியும் கேட்டு..." அவன் வாசற்படியை நகத்தால் சுரண்டினான். "எல்லாரும் சிரிச்சாய்ங்க."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

அவள் அவனை அடிக்கக் கையை ஓங்கினாள். கை பாதியில் நின்றது. அவ்வளவு சின்னக் காரியத்துக்கா என்று அழுகை பொத்துக்கொண்டு வந்தது. "ஆசிட்ட ஊத்தும்மா, ஊரு பாக்குதும்மா" என்று அவன் அவள் காலைப் பிடித்தான். அவள் காலை விடுவித்துக்கொண்டு உள்ளே போய், பூந்திக்கொட்டைத் தண்ணீரும் தூரிகையும் கொண்டுவந்து அவன் முன்னால் வைத்தாள்.

"நீ எழுதுனது. நீயே தேயி."

அவன் தேய்த்தான். ஊர் பார்த்துக்கொண்டு நின்றது. நுரையில் நனைந்த வரி மறுபடி முழுசாகச் சுவரைவிட்டு எழும்பியது. ஏற்கெனவே வீடு வந்துவிட்டதால் அதற்குப் போக வேறு இடம் இல்லை. தூரிகையின் காம்பு வழியாக ஏறி, அவன் வலது கைக்குள் போய், உள்ளங்கை ரேகைகளுக்கு நடுவில் சுருண்டு படுத்தது. அதற்குப் பிறகு அது எங்கும் அலையவில்லை. தவசி கையை மூடினான், திறந்தான், மறுபடி மூடினான். இன்றைக்கும் செல்போன் கடையில் அவன் இடது கையால்தான் பாக்கிச் சில்லறை கொடுக்கிறான், இடது கையால் வாங்க மாட்டேன் என்று சொல்கிற வாடிக்கையாளர்கள் அடுத்த கடைக்குப் போகிறார்கள்.

கூட்டம் நாகஜோதியின் வாயைப் பார்த்தது. அவள் திட்டுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று எதிர்பார்த்தவர்கள் இருந்தார்கள். போலீஸுக்குப் போகணும் என்று ஒருவர் சொன்னார், அது அப்புறம் என்று அவள் தலையசைத்தாள். அவள் பஞ்சவர்ணத்திடம் வந்தாள்.

"அத்தை, இவ்வளவு நாளா இந்த ஊருல ஒரு ஆள்கூட எனக்கு மிச்சமில்ல. இனிமே ஒருத்தன் மூஞ்சியத்தான் நான் பாக்கக் கூடாது. மத்த ஊரு பூரா எனக்குத் திரும்பக் கெடச்சிருச்சு."

பஞ்சவர்ணம் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். மன்னிச்சிரு என்று சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் நாகஜோதி வெயிலைப் பார்த்துவிட்டு, "அப்பா டூட்டி முடிஞ்சு வந்திருப்பாக" என்று கையை மெல்ல விடுவித்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

அவள் வேகமாக நடந்தாள், பிறகு ஓடினாள். வழியில் எதிரே வந்த ஆண்களின் முகங்களைப் பார்த்தாள், கைகளைப் பார்க்கவில்லை. கச்சேரியின் தெற்குச் சுவர் ஒரு எழுத்தும் இல்லாமல் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது, அதையும் அவள் நின்று பார்க்கவில்லை. வீட்டில் முன்கதவு திறந்திருந்தது. முத்திருளப்பன் காக்கிச் சட்டையைக்கூடக் கழற்றாமல், பின்வாசல் படியில், முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்; தட்டு மடியில் இருந்தது. காலடிச் சத்தம் கேட்டதும் வலது கையைத் தட்டுக்கடியில் மறைத்துக்கொண்டார்.

நாகஜோதி போய் அவருக்கு முன்னால், கீழ்ப்படியில், சப்பணமிட்டு உட்கார்ந்தாள். ஓடிவந்ததில் மூச்சு வாங்கியது. அவர் அவளைப் பார்த்தார். ஊரில் நடந்தது அவருக்கு இன்னும் தெரியாது.

"எப்பா" என்றாள். "பசிக்குது. ஒரு உருண்டை உருட்டிக் குடுங்க."

அவர் தட்டுக்கடியிலிருந்து கையை வெளியே எடுத்தார்.